பதினெட்டாம் நம்பர் ரோட்டில் இரண்டு நிமிடம்

"எங்கப்பா போறப்ப அந்த கேட்டுல லாரிங்க நிக்கணும். ஒண்ணு விடாம நிக்கணும்."

மாரிசெலா கேட்டேவிட்டாள். இதை மட்டும் கேட்கவே கூடாது என்று அவள் அம்மா ஒட்டிலியா வீட்டுப் படியில் ஒரு தரம், காரில் வரும்போது இரண்டு தரம் சொல்லியிருந்தாள். "பூ என்ன கலர்னு கேளு. பாட்டு யாரு பாடறாங்கன்னு கேளு. லாரிய நிறுத்துங்கன்னு மட்டும் வாயத் தொறக்காத. உங்கப்பா மேல சத்தியம்." அப்பா மேல் சத்தியம் வாங்க அப்பா உயிரோடு இருக்க வேண்டாமா என்று மாரிசெலாவுக்கு வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அன்றைக்கு முழுவதும் அவள் சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான்.

கெர்மிட் ஊரில் ஹோல்காம் நடத்தும் இறுதிச் சடங்கு இல்லத்தில், குடும்பத்தார் உட்கார்ந்து பேசுவதற்கென்று பின்பக்கம் ஓர் அறை. நீள மேசை, ஆறு நாற்காலி, அழுகிறவர்கள் கைக்கு எட்டும்படி மூன்று டிஷ்யூ பெட்டி. வியாழக்கிழமை மதியம் இரண்டு மணி. வெளியே செப்டம்பர் வெயிலில் காற்று மணலை வாரி வாரி ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், மூடிய பெட்டிக்குள், லாஸரோ ஒர்னெலாஸ். ஐம்பத்து மூன்று வயது. முப்பது வருஷம் பெரிய வண்டி ஓட்டியவர். நாளைக்கு வேறொருத்தர் ஓட்ட, பின்னால் படுத்துக்கொண்டு போகப் போகிறார்.

கெர்மிட் மாதா கோயிலில் காலை பத்து மணிக்குப் பூசை. அடக்கம் மொனஹான்ஸில், அவருடைய அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில். இரண்டு ஊருக்கும் நடுவே இருபத்து நாலு மைல். பதினெட்டாம் நம்பர் ரோட்டில் ஏறினால் ரேடியோவில் ஏழெட்டுப் பாட்டு முடிவதற்குள் போய்விடலாம். கெர்மிட்காரர்கள் பல் பிடுங்க மொனஹான்ஸ் போவார்கள், ஹாம்பர்கர் தின்ன மொனஹான்ஸ் போவார்கள், வீட்டில் சண்டை போட்டுவிட்டுச் சும்மா மொனஹான்ஸ் போய்த் திரும்புவார்கள். அதற்கெல்லாம் யாரும் மேப்பை விரித்து உட்கார்ந்ததில்லை. லாஸரோவுக்கு உட்கார வேண்டியிருந்தது.

மேப்பைக் கொண்டு வந்தது எவரிஸ்டோ. லாஸரோவின் தம்பி, மாரிசெலாவின் சித்தப்பா. எண்ணெய்க் கிணறுகளுக்குள் செலுத்தும் மணலை லாரியில் அனுப்பும் கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். எந்த லாரி எப்போது கிளம்பும், எந்த டிரைவருக்குப் பகல், யாருக்கு ராத்திரி என்று எழுதுவது அவர் வேலை. அண்ணனுக்கு அங்கே லாரி ஓட்டும் வேலை பிடித்துக் கொடுத்ததும் அவர்தான். மேப்பில் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டிருந்தது. கெர்மிட்டிலிருந்து நேரே தெற்கே இறங்காமல் மேற்கே ஒதுங்கி விங்க், அங்கிருந்து பையோட், பிறகு இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலையில் ஏறிக் கிழக்கே திரும்பி மொனஹான்ஸ். நாற்பது மைலுக்கு மேல். மூக்கைத் தொடுவதற்குத் தலையைச் சுற்றிக்கொண்டு வரும் கோடு.

பதினெட்டாம் நம்பர் ரோட்டில், பாதி வழியில்தான் அந்த மணல் கம்பெனியின் கேட்.

மாரிசெலாவின் பேச்சைக் கேட்டதும் ஒட்டிலியா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் மடியில் லாஸரோவின் வைக்கோல் தொப்பி இருந்தது. வந்ததிலிருந்து அதன் விளிம்பையே விரலால் சுற்றிக்கொண்டிருந்தவள், சுற்றுவதை நிறுத்தினாள்.

"ஆரம்பிச்சிட்டா," என்றார் எவரிஸ்டோ. "அண்ணி, நீங்க சொல்லிக் கூட்டிட்டு வரலையா?"

"சொன்னேன்."

"மூணு தரம் சொன்னாங்க. எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது," என்றாள் மாரிசெலா.

ஹோல்காம் தொண்டையைச் செருமினார். அறுபதைத் தாண்டியவர், சாம்பல் நிற டை, சத்தமே வராத ஷூ. அந்தச் சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேரின் தாத்தாக்களை அவர்தான் புதைத்தார். "மிஸ் ஒர்னெலாஸ், எனக்குத் தெரிஞ்சு, ஊர்வலம் வந்தா வண்டிய நிறுத்தணும்னு நம்ம மாநிலத்துல சட்டம் ஒண்ணும் இல்ல. நிறுத்தறாங்க. எல்லாருமே நிறுத்தறாங்க. ஆனா அது மரியாதை. மரியாதையக் கேட்டு வாங்க முடியாதுங்க."

"கேக்காமலும் கிடைக்காதபடி பண்ணியிருக்கீங்களே. அந்த ரோட்டுலயே போகலைன்னா யாரு நிறுத்தறது? விங்க் ரோட்டுல முயல்தான் நிக்கும்."

"மாரி." சித்தப்பா குரலைத் தணித்துக்கொண்டார். குழந்தைக்கு மருந்து கொடுக்கிற குரல். "இது சேஃப்டிக்காக. காலையில அந்த கேட்டுல மணிக்கு நாப்பது லாரி. உள்ள வருது, வெளிய போகுது. அதுக்கு நடுவுல வரிசையா கார் வந்தா, எவனாவது அவசரப்பட்டு நுழைவான். இன்னொரு சாவு வேணுமா நமக்கு?"

"சரி, சேஃப்டி பேசுவோம்." மாரிசெலா மேப்பைத் தன் பக்கம் இழுத்தாள். "இந்த இன்டர்ஸ்டேட்ல எல்லாரும் எண்பது மைல் வேகத்துல போறாங்க. நம்ம ஊர்வலம் முப்பத்தஞ்சுல போகும். எங்க ஹெர்லிண்டா அத்தை முப்பதுலதான் போவாங்க, அவங்களுக்கு இடது கண்ணு தெரியாது. அவங்க முதுகுல பதினெட்டு சக்கர லாரி வந்து ஏறினா அது சேஃப்டியா? மிஸ்டர் ஹோல்காம், உங்க சர்வீஸ்ல எத்தன ஊர்வலத்த இன்டர்ஸ்டேட் மேல ஏத்தியிருக்கீங்க?"

ஹோல்காம் ஐஸ் டீயை ஸ்பூனால் கலக்கினார். கலக்க அதில் சர்க்கரை இல்லை. "ஒண்ணுகூட இல்ல," என்றார். "உண்மையச் சொன்னா, எனக்கும் அது பிடிக்கல."

"முப்பத்தோரு கார். எண்ணிட்டேன். காருக்கும் காருக்கும் தாராளமா இடம் விட்டாக்கூட அந்த கேட்ட தாண்ட ரெண்டு நிமிஷம். ரெண்டே நிமிஷம், சித்தப்பா. அது வரைக்கும் வெயில்ல நின்னா மணல் கெட்டுப் போயிடுமா? பாலா அது?"

ஹோல்காமின் உதடு ஓரத்தில் ஏதோ அசைந்தது. அடக்கிக்கொண்டார். தொழில் பழக்கம்.

எவரிஸ்டோ கூரையைப் பார்த்துப் பேசினார். "படிப்பு! ஸான் ஆஞ்சலோவுல நாலு வருஷம் புள்ளியியல் படிச்சது இதுக்குத்தான். சொந்த அப்பன் சவத்துக்குக் கணக்குப் போட."

"ஆமா. வேற யாரும் போடலையே."

"மாரிசெலா," என்றாள் அம்மா. அவ்வளவுதான். முழுப் பெயரையும் சொன்னால் நிறுத்து என்று அர்த்தம். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். இந்தத் தடவை நிறுத்துகிற எண்ணம் மாரிசெலாவுக்கு இல்லை.

அந்தப் பக்கத்தில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. எதிரே ஊதாக் கொடி ஒட்டிய சவ ஊர்வலக் கார்கள் பகலிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக வந்தால், வண்டியை ஓரம் கட்டுவார்கள். யார் செத்தது என்று தெரிய வேண்டியதில்லை. பள்ளிக்கூட பஸ் நிற்கும். வெள்ளிக்கிழமை ஃபுட்பால் ஆட்டத்துக்கு நேரமாகிவிட்டதென்று பறக்கிற பையன்களும் நிற்பார்கள், பாட்டைக்கூட நிறுத்துவார்கள். லாஸரோ இன்னும் ஒருபடி மேலே. எஞ்சினை அணைப்பார், கதவைத் திறந்து கீழே இறங்குவார், தொப்பியை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டு கடைசிக் கார் போகும் வரைக்கும் நிற்பார். முன்பு ஒரு நாள் அப்படித்தான் வண்டியை நிறுத்தினார். அப்போது அவர் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். பத்து வயது மாரிசெலா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"யாருப்பா செத்தது?"

"தெரியாது."

"அப்ப ஏன் இறங்கற?"

"அவங்களுக்கும் என்னத் தெரியாது. இறங்கு, இறங்கு. உக்காந்துகிட்டு வேடிக்க பாக்கறதுக்கு இது சினிமா இல்ல."

இறங்கினாள். ரோட்டோர முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு குதிகாலில் ஏறியது. அப்பா அசையாமல் நின்றதால் அவளும் அசையவில்லை. கடைசிக் காரில் ஒரு பெண், முகமெல்லாம் வீங்கியிருந்தவள், கண்ணாடி வழியாக இவர்களைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். முள்ளை எடுக்கும்போது அழுதது மாரிசெலாவுக்கு நினைவில்லை. அந்தக் கை மட்டும் நினைவிருந்தது.

"எங்கண்ணன் இருக்கானே," எவரிஸ்டோ சிரிக்கப் பார்த்தார், ஹோல்காமையும் சேர்த்துக்கொள்கிற மாதிரி. "நாய்க்கு ஊர்வலம் விட்டாலும் தொப்பிய எடுத்துட்டு நிப்பான். அப்படிப்பட்ட ஆளு. அவனே இங்க இருந்தா என்ன சொல்வான்? 'எனக்காக ஒருத்தனையும் தொந்தரவு பண்ணாதீங்க'ம்பான். அண்ணி, சொல்லுங்க, சொல்வானா மாட்டானா? சரி, நேரம் ஆகுது. மாரி, பிக்கப் சாவிய இங்க வை. நாளைக்குக் காலையில நான் வந்து எடுத்துக்கறேன்."

செத்தவருடைய சொந்த பிக்கப் வண்டி ஊர்வலத்தில் எல்லாவற்றுக்கும் முன்னால் போகும், முன்கண்ணாடிக்குக் கீழே அவருடைய தொப்பி இருக்கும். இதுவும் அந்தப் பக்கத்து வழக்கம்தான். ஆண் பிள்ளை இருந்தால் மகன் ஓட்டுவான். லாஸரோவுக்கு மகன் இல்லை, தம்பி ஓட்டட்டும் என்று முடிவாகியிருந்தது. யாருடைய முடிவு என்று கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். ஹோல்காமின் தாளில் 'முன் வண்டி ஓட்டுபவர்' என்ற இடத்தில் எவரிஸ்டோ ஒர்னெலாஸ் என்று ஏற்கெனவே எழுதியிருந்தது.

மாரிசெலா ஜீன்ஸ் பாக்கெட்டில் கையை விட்டாள். வெளியே வந்தது சாவி இல்லை. எட்டாக மடித்த ஒரு தாள்.

"நேத்து பிக்கப்ப கழுவினேன். ஊர்வலத்துல முன்னாடி போற வண்டியாச்சே, சுத்தமா இருக்கட்டும்னு. வெயில் மறைப்புக்குப் பின்னாடி குவாடலூப்பே மாதா படம் வச்சிருப்பாரு. அதுக்குப் பின்னாடி இது இருந்துச்சு."

அவள் அதை மேப்பின் மேலே, சிவப்புக் கோட்டின் மேலேயே, விரித்து வைத்தாள். யாரும் எடுக்கவில்லை. ஆகவே அவளே படித்தாள்.

"ஜூலை பதினொண்ணு. டிரைவர், லாஸரோ ஒர்னெலாஸ். அனுமதி இல்லாத நிறுத்தம். பதினெட்டாம் நம்பர் ரோடு. ஏழு நிமிஷம். காரணம்னு ஒரு கட்டம் போட்டிருக்கு, அதுல சவ ஊர்வலம்னு எழுதியிருக்கு. கீழ, நடவடிக்கை. ராத்திரி ஷிப்டுக்கு மாத்தப்படுகிறார்."

தாளிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"ஒன்பது வாரம் ராத்திரி ஓட்டினாரு. ஐம்பத்து மூணு வயசுல. பத்தாவது வாரம் விடியக்காலம் ஸ்டியரிங்ல தூங்கிட்டாரு. லாரி உருண்டுச்சு. டிரைவர் தப்புன்னு கம்பெனிக்காரன் எழுதிட்டான். சரி, தூங்கினது அவர்தான். அவரை ராத்திரிக்கு மாத்தினது யாரு? கையெழுத்தப் படிக்கட்டுமா? படிக்க வேண்டியதே இல்ல. பேரோட முதல் எழுத்து, இங்கிலீஷ் ஈ, அதுக்கு அந்த நீள வாலு. மே மாசம் எனக்கு வந்த வாழ்த்து அட்டையிலயும் அதே வாலு இருந்துச்சு. 'நம்ம வீட்டு முதல் பட்டதாரிக்கு, அன்புடன் சித்தப்பா.'"

எவரிஸ்டோ தாளைப் பார்க்கவில்லை. அவருக்கு அதைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"வாரத்துக்கு முப்பது தாள் வருது," என்றார். "மேல இருந்து வருது. பேர் எழுதியே வருது. நான் கையெழுத்து மட்டும்தான் போடறேன்."

"படிக்காமலா?"

"படிச்சேன்."

"அண்ணன்னு தெரிஞ்சே போட்ட."

இருபத்து மூன்று வருஷமாக அவரை அவள் 'நீங்க' என்றுதான் சொல்லி வந்திருக்கிறாள். அது போனதை எல்லோரும் கவனித்தார்கள். ஹோல்காம்கூட நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"ஆமாடீ, தெரிஞ்சேதான் போட்டேன்!" எவரிஸ்டோ மேசையில் அடித்தார். டீ டம்ளர்கள் குதித்தன. "போடலைன்னா? அவனும் வெளிய, நானும் வெளிய. நாலு வருஷம் உனக்கு ஸான் ஆஞ்சலோவுக்கு வண்டியில அரிசியும் பீன்ஸும் ஏத்தி அனுப்பினது எந்தச் சம்பளத்துலன்னு நெனச்ச? நான் அவன்கிட்டப் போய்ச் சொன்னேன். நானே சொன்னேன், மூஞ்சிக்கு நேரா. 'அண்ணே, இத நான் போட வேண்டியிருக்கு'ன்னேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? 'பேனா இருக்கா, என்னோடது தரட்டுமா'ன்னு கேட்டான். சிரிச்சுகிட்டே கேட்டான்." அவர் குரல் அங்கே ஒரு தரம் வழுக்கியது. பிடித்துக்கொண்டார்.

மாரிசெலா அம்மாவின் பக்கம் திரும்பினாள். கேள்வி கேட்கவில்லை. அம்மாவின் முகத்திலேயே பதில் இருந்தது.

"தெரியும்," என்றாள் ஒட்டிலியா. "அன்னிக்கே சொன்னாரு. மாரிக்குத் தெரிய வேணாம், அவ சும்மா இருக்க மாட்டான்னு சொன்னாரு. எவரிஸ்டோ பிள்ளைங்க ரெண்டும் சின்னது, அவன ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னாரு."

"அதான் லாரியப் பத்திப் பேசாதன்னியா? லாரியில ஆரம்பிச்சா இந்தத் தாள்ல வந்து நிக்கும்னா?"

"குடும்பம்டீ இது. செத்தவரோட சேத்து இதையும் புதைச்சிடலாம்னு பாத்தேன்."

"அப்பா மன்னிச்சாரு. அது அவர் பாடு. எனக்கு அந்த மனசு இல்லம்மா. நான் அவர் கிடையாது."

"அது நல்லாத் தெரியுது," என்றார் எவரிஸ்டோ.

ஹோல்காம் எழுந்து, சத்தமில்லாத ஷூவோடு போய், கதவைச் சாத்திவிட்டு வந்தார். முன்னறையில் வேறு யாரோ பெட்டி பார்க்க வந்திருந்தார்கள். திரும்பி உட்கார்ந்து, தன் பேனாவின் மூடியைக் கழற்றி, மறுபடி மூடினார். கம்பெனி அனுப்பிய பெரிய பூவளையம் மூலையில் கம்பிக் காலில் நின்றுகொண்டிருந்தது. குறுக்கே நாடாவில் பொன் எழுத்து: 'எங்கள் குடும்பத்தில் ஒருவர்.'

எவரிஸ்டோ முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டார். கோபம் கொஞ்சம் வடிந்து, அதற்கடியில் இருந்தது வெளியே வந்தது.

"நீ ஒண்ணு புரிஞ்சுக்கல, மாரி. லாரிய நிறுத்தச் சொல்லு நிறுத்தச் சொல்லுங்கற. எவன் சொல்லணும் அவங்களுக்கு? எல்லாம் நம்ம பசங்க. லாஸரோ தண்ணி வண்டி ஓட்டின காலத்துலேர்ந்து தெரிஞ்சவங்க. அவன் பிக்கப் அந்த கேட்டுக்கு முன்னாடி வந்துச்சுன்னா ஒருத்தன் நகர மாட்டான். எஞ்சின அணைச்சிட்டு இறங்கிடுவானுங்க. தொப்பிய எடுத்துடுவானுங்க. கம்பெனியில மேல இருக்கறவனுக்கு அது நல்லாத் தெரியும். அதான் இந்தக் கோடு. கேட்டுக்கு ரெண்டு பக்கமும் அஞ்சு மைலுக்கு லாரி நிக்கக் கூடாதுன்னு ரூல். நின்னா நாப்பது தாள் வரும். எவன் கையெழுத்துப் போடணும்? நான் போடணும். நாப்பது பேரை ராத்திரிக்குத் தள்ளணும். இல்ல, முடியாதுன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போகணும். கோட்டப் போட்டுக் குடுத்தப்ப அதையும் சொல்லித்தான் குடுத்தானுங்க."

மாரிசெலா அவரையே பார்த்தாள்.

"என்ன சொன்ன? இன்னொரு தரம் சொல்லு."

"என்ன?"

"கேக்காமலே நிப்பாங்களா?"

சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று எவரிஸ்டோவுக்கு அப்போதுதான் உறைத்தது.

நான்கு நாளாக மாரிசெலா தூங்காமல் கிடந்து யோசித்ததெல்லாம் யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது என்றுதான். கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதி, கிழித்து, மறுபடி எழுதியிருந்தாள். அதில் 'தயவுசெய்து' மூன்று இடத்தில் வந்தது. இப்போது அந்த மூன்றையும் நினைத்தபோது அவளுக்குக் காது சூடேறியது. கேட்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. அந்த ரோட்டில் வண்டியைக் கொண்டு போக ஒரு ஆள் வேண்டும். அவ்வளவுதான்.

"மிஸ்டர் ஹோல்காம், பெட்டி வர்ற உங்க கறுப்பு வண்டி எதப் பாத்துப் போகும்?"

ஹோல்காம் அவளை ஒரு கணம் பார்த்தார். "முன்னாடி போற வண்டியப் பாத்து."

"அதுக்குப் பின்னாடி வர்றவங்க?"

"அவங்கவங்க முன்னாடி இருக்கற விளக்கப் பாத்துதான். ஊர்வலத்துல யாரும் மேப் பாக்கறதில்லம்மா. ஷெரிஃப் ஆபீஸ் வண்டி ஒண்ணு வரும், அது கடைசியில வரும். முன் வண்டி கிணத்துல இறங்கினாலும் எல்லாரும் இறங்குவாங்க."

"ஊர் முனையில ரோடு பிரியுது. நேரா போனா பதினெட்டு, வலது பக்கம் திரும்பினா விங்க். அங்க முன் வண்டி திரும்பலைன்னா?"

"அப்ப யாருமே திரும்ப மாட்டாங்க," என்றார் ஹோல்காம். தாளைத் தன் பக்கம் இழுத்தார். எவரிஸ்டோவின் பெயர் மேல் ஒரு கோடு இழுத்தார். அந்த அறையில் அவர் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. "முன் வண்டிய யாரு ஓட்டறாங்கறது குடும்பத்தோட முடிவு. எனக்கு எழுதிக்க ஒரு பேர் வேணும், அவ்வளவுதான்."

"மாரிசெலா ஒர்னெலாஸ். எஸ் ஒண்ணுதான், ரெண்டு போட்டுடாதீங்க."

"சாவியக் குடு," என்றார் எவரிஸ்டோ. எழுந்துவிட்டார். கையை நீட்டினார். "மாரி, விளையாடாத. சாவியக் குடுத்துடு. அண்ணி, நீங்களாவது சொல்லுங்க!"

ஒட்டிலியா தொப்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இதைச் செஞ்சா அவனுக்கு வேலை போயிடும்டீ."

"தெரியும்மா."

"அப்புறம் நம்ம வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டான். கிறிஸ்மஸுக்குத் தமாலே பலகாரம் செய்யக்கூட அவன் பொண்டாட்டி வர மாட்டா. நானும் நீயும் ரெண்டே பேரு உக்காந்து மாவு பிசையணும்."

"பிசைவோம்."

"ரெண்டு பிள்ளைங்க எனக்கு," என்றார் எவரிஸ்டோ. நீட்டிய கை அப்படியே இருந்தது. "ரெண்டுக்கும் பேர் வச்சது உங்கப்பன்தான்."

"தெரியும். பெரியவனுக்கு அவர் பேரையே வச்சாரு. நாளைக்கு அவனையும் கூட்டிட்டு வா. பின் சீட்டுல உக்காத்தி வை. அந்த கேட்டுல என்ன நடக்குதுன்னு அவனும் பாக்கட்டும்."

அவள் எழுந்தாள். சாவி இடது பாக்கெட்டில்தான் இருந்தது, வந்ததிலிருந்து அங்கேதான் இருந்தது. அதை எடுத்துக் கையில் இறுக்கிக்கொண்டாள். பட்டமளிப்பு அன்றைக்கு அவள் தொப்பியிலிருந்து அப்பா கழற்றிக்கொண்ட நீலக் குஞ்சலம் இன்னும் அந்த பிக்கப்பின் பின்பார்வைக் கண்ணாடியில் தொங்குகிறது. நான்கு மாதத்தில் வெயில் பட்டு ஒரு பக்கம் வெளுத்துவிட்டது. நாளைக்கும் அது அங்கேயேதான் தொங்கும். அப்பாவின் தொப்பி முன்கண்ணாடிக்குக் கீழே இருக்குமா என்பது அம்மாவின் பாடு. கொண்டு வந்து வைத்தாலும் சரி, மடியில் வைத்துக்கொண்டு வேறு காரில் ஏறினாலும் சரி, அதை அவள் கேட்கப் போவதில்லை. இனிமேல் யாரிடமும் எதையும் கேட்பதாக இல்லை.

சிவப்புக் கோடு போட்ட மேப்பை அவள் மடித்து, எவரிஸ்டோவின் நீட்டிய கையில் வைத்தாள். ஜூலை பதினொன்றாம் தேதித் தாளைத் தன் பாக்கெட்டில் திருப்பி வைத்துக்கொண்டாள்.

கதவருகே போய் நின்றாள்.

"திங்கக்கிழம நாப்பது தாள் வரும்ல? கையெழுத்துப் போடறதும் போடாததும் உன் இஷ்டம். போடறதா இருந்தா, அந்தக் காரணம்கற கட்டத்துல சவ ஊர்வலம்னு எழுதாத. எங்கப்பா பேர எழுது. முழுசா எழுது. நாப்பது தரம் எழுது."

ஒட்டிலியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மாரிசெலா காத்திருக்கவில்லை. பூவளையத்தைச் சுற்றிக்கொண்டு, அப்பா இருந்த அறையைத் தாண்டி, முன்கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலுக்குள் போனாள்.